கை நின்ற இடம்

“முந்நூற்றுப் பன்னிரண்டு!”

சவரிமுத்து இன்டர்நெட் வேகத்தை அளந்த செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பால்கனியில் குந்தியிருந்த இசக்கியம்மாள் திரும்பவில்லை. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழை ஒன்றின் நுனியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், கேபிள்ல முந்நூற்றுப் பன்னிரண்டு வருது. நீங்க இழுக்குற ஃபைபர் நூறுதான். முந்நூறைக் கழட்டிட்டு நூறை மாட்டினா ஊரு சிரிக்காதா?”

“ஊருக்கு வேற வேலையில்லையா அண்ணாச்சி? ஜன்னல்ல இன்னொண்ணு இருக்குல்லா. அதையும் பாருங்க.”

சவரிமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயது. கத்தாரில் பன்னிரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியவர். அவளுக்கு இருபத்தொன்பது. அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்கு எந்தக் கம்பி போகிறது என்று அவளைக் கேட்டால் போதும். இணைப்புக் கொடுக்கும் தொழிலைக் கற்க அவர் அவளிடம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் நாள் கேலியாகத்தான் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். கேலி எந்த வாரத்தில் உதிர்ந்தது என்று அவரே கவனிக்கவில்லை.

ஜன்னல் கட்டையில் சிம் போட்ட வைஃபை பெட்டி இருந்தது. கேபிள் சரியில்லை என்று போன மாதம் வாங்கி வைத்தது. அதன் அருகே போய் நின்று அளந்தார்.

“இருநூற்று நாற்பது. இதுவும் உங்க ஃபைபருக்கு மேலதான்.”

“அவங்க எங்க உட்கார்ந்து பேசுவாங்க?”

வீட்டுக்காரி கோமதி உள்ளறையில் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள். அவள் கணவன் சுடலைமணியும் அப்படியே. அவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தினமும் வீடியோவில் கையால் பேசிக்கொள்வார்கள். சவரிமுத்து மெஷின் பக்கத்தில் போய் மறுபடி அளந்தார்.

“பதினெட்டு. நடுவுல சுவர் இருக்கு.”

“அப்ப?”

“பெட்டி தோத்துது. கேபிள் ஜெயிச்சுது. அவங்க போன்லதான் ஏதோ கோளாறு. போனை மாத்தச் சொல்லிட்டுக் கிளம்புவோம்.”

“நோட்டுல என்ன எழுதியிருக்காங்கன்னு முழுசாப் படிங்க.”

“வந்ததும் படிச்சேனே.”

“முழுசா.”

கோமதியின் நோட்டு மெஷின் மேல் திறந்தே கிடந்தது.

‘வீடியோவில் பேசும்போது கை நின்றுவிடுகிறதாம். மூன்று நாளாக அவர் கூப்பிடவில்லை. இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு மணிக்கு, ஒரே ஒரு முறை கூப்பிடுவதாக எழுதியிருக்கிறார். அதற்குள் சரியாக வேண்டும்.’

“கை நின்னுடுது. அதான? அவர் படம் இங்க சரியா வரலை. வரவேண்டியதுக்கு முந்நூறு இருக்கு. அதான் சொல்லுதேன், போன்ல கோளாறு.”

இசக்கியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து.

“கீழ போய்த் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நில்லுங்க. கேபிள் வழியா அவங்க உங்களை வீடியோவுல கூப்பிடுவாங்க. கையால என்ன சொல்லுதாங்களோ அதைச் செய்யணும். அவ்வளவுதான்.”

“எனக்குச் சைகை தெரியாதே.”

“இதுக்குப் படிப்பு வேண்டாம்.”

அவள் நோட்டில் ஏதோ எழுதிக் கோமதியிடம் நீட்டினாள். கோமதி சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

சவரிமுத்து படியிறங்கித் தெருமுனைக்குப் போய் நின்றார். நிழலில்லாத இடம். அழைப்பு வந்தது. கோமதியின் முகம் துல்லியமாகத் தெரிந்தது. இடக்கையில் டீ கிளாஸ். வலக்கையை உயர்த்தினாள். உள்ளங்கை அவரைப் பார்த்து விரிந்தது.

அப்படியே இருந்தது.

சோதனையில் எது தெரிந்தாலும் படமெடுத்து வையுங்கள் என்று இசக்கியம்மாள் பழக்கியிருந்ததால், தெரிந்ததை ஒரு படம் எடுத்துக்கொண்டார். அழைப்பு அறுந்தது. நில் என்று கையால் சொல்லிவிட்டுக் கோமதி வைத்துவிட்டாள். நின்றார்.

வெயில் சட்டைக்குள் இறங்கியது. ஓர் ஆட்டோக்காரன் வேகத்தைக் குறைத்தான்.

“என்ன அண்ணாச்சி, டிரான்ஸ்பார்மருக்குக் காவலா?”

“வேலையா நிக்கேன். நீ போ.”

“நல்ல வேலை. ஆள் எடுத்தா சொல்லுங்க, நானும் வாரேன்.”

பத்து நிமிடம் கழித்து மாடியிலிருந்து குரல் வந்தது.

“அண்ணாச்சி! டீ ஆறிப்போச்சு. ஏன் அங்கேயே நிக்கீங்க?”

“நில்லுன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. நிக்கேன்!”

“நீங்கதான் வச்சுட்டீங்கன்னு இங்க அவங்க வருத்தப்படுதாங்க. மேல வாங்க.”

அவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். இசக்கியம்மாள் கோமதியின் தோளைத் தொட்டு, முன்பு சொன்னதை மறுபடி சொல்லும்படி ஜாடை காட்டினாள். கோமதி வலக்கையை உயர்த்தினாள். உள்ளங்கை அவரைப் பார்த்து விரிந்தது. பிறகு நான்கு விரல்களும் கீழே மடங்கின. விரிந்து மறுபடி மடங்கின.

வாங்க.

சவரிமுத்து தன் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். விரல்கள் மடங்குவதற்கு முந்தைய கை. எந்த நாற்சந்தியிலும் வண்டியை நிறுத்தும் கை.

கோமதி எட்டிப் போனை வாங்கினாள். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். போனை மெஷின் மேல் வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

‘சனிக்கிழமை அவர் கேட்டார். லீவு போட்டு வரட்டுமா என்று.’

அடுத்த வரியில், ‘வாங்க என்றேன்.’

பென்சில் முனையால், போனில் நின்றிருந்த அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள்.

சவரிமுத்து நோட்டை இழுத்து முதலில் எழுதியிருந்ததைத் தேடினார். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

“டீச்சர். நின்றுவிடுகிறதாம்னு எழுதியிருக்காங்க. ‘தாம்’.”

“ஆமா.”

“அவர் சொல்லித்தான் இவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. நின்னது இவங்க கை. அங்க, திருப்பூர்ல.”

“மணி என்ன?”

“பன்னிரண்டரை.”

“அந்த டார்ச்சைப் பிடிங்க.”

அவள் இரண்டு இழைகளின் நுனிகளையும், இழை ஒட்டும் சின்னப் பெட்டிக்குள் எதிரெதிராக வைத்து மூடினாள். உள்ளே ஒரு பொறி மின்னியது. ஒட்டிய இடத்துக்கு உறை போட்டாள். சவரிமுத்து டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தார். கேபிளை அவரே பிடுங்கிச் சுருட்டினார். பன்னிரண்டு ஐம்பதுக்குப் புதுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

யாரும் சொல்லாமலே உள்ளறைக்குப் போய், தையல் மெஷின் பக்கத்தில் நின்று அளந்தார்.

“வர்றது தொண்ணூற்றாறு.” விரலை அடுத்த எண்ணுக்கு நகர்த்தினார். “போறது தொண்ணூற்று நாலு.”

பிறகு காலையில் கேபிளுக்கு அளந்ததைத் திறந்து பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெரிதாக இருந்தது. அதன் கீழே, வீட்டிலிருந்து வெளியே போகும் வேகத்தைக் காட்டும் மேல்நோக்கிய அம்புக்குறியின் பக்கத்தில், சின்னதாக ‘1’ என்றிருந்தது. அந்த எண்ணை அவர் இதுவரை எந்த வீட்டிலும் வாசித்துச் சொன்னதில்லை.

பையிலிருந்து இணைப்பு அட்டையை எடுத்தார். கழற்றிய இணைப்பின் வேகத்தை எழுத அதில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

“டீச்சர், கேபிளுக்கு இதுல முந்நூற்றுப் பன்னிரண்டுன்னு போடவா, ஒண்ணுன்னு போடவா? எது நிஜமான வேகம்?”

இசக்கியம்மாள் இழைத் துணுக்குகளை ஒட்டுத்தாளில் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“தெருமுனையில எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“பத்து நிமிஷம் இருக்கும்.”

“மேல வர எத்தனை படி?”

“இருபத்திரண்டு.”

“இருபத்திரண்டு படிக்குப் பத்து நிமிஷம்னு எழுதுங்க.”

அவர் கட்டத்தைப் பார்த்தபடி இருந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

மெஷின் மேல் போன் ஒளிர்ந்தது. மணி ஒன்று. கோமதி நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்தாள். வலக்கையை உயர்த்தினாள். உள்ளங்கை விரிந்தது.

சவரிமுத்து ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் பேச்சுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.