ஆறுமணிக் குருவியின் எதிராளி

மலையடிவாரத்தில் ஒரு குளம். குளத்தை ஒட்டிப் புதர்க்காடு, அதன் நடுவே ஓட்டுக் கட்டடம் ஒன்று. வாசலில் இயற்கைக் கல்வி மையம் என்று பலகை மாட்டியிருக்கும். அதை நடத்துகிறவள் வான்மதி. பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு அவளிடம் காடு கற்றுக்கொள்ள வந்தவர் குப்புராஜ். வயதில் அவளுக்கு ரொம்பவே மூத்தவர். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர், அவளுக்கு அவர் அண்ணா.

ஐப்பசி மழை தொடங்கியதும் வடக்கே இருந்து ஆறுமணிக் குருவி வந்து சேர்ந்தது. காலை ஆறு மணிவாக்கில் ஒரு கூவல், மாலை ஆறு மணிவாக்கில் ஒரு கூவல், அதனால் அந்தப் பெயர். குளிர்காலம் முழுக்கத் தனக்கென்று ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு, சருகைப் புரட்டிப் புழு தின்று தனியாகக் கிடக்கும். இன்னொரு குருவி உள்ளே வந்து கூவினால் ஓடிப்போய் விரட்டும். விரட்டாமல் விட்டால் இடம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். குருவி வெளியே வரவில்லை. பிள்ளைகள் முகம் வாடுவதைப் பார்க்கக் குப்புராஜுக்கு மனசு கேட்கவில்லை. செல்போனை எடுத்து, அதில் வைத்திருந்த ஆறுமணிக் குருவியின் கூவலைப் போட்டார்.

குருவி பாய்ந்து வந்தது. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக நடுப்பாதையில் நின்று, கழுத்தை நீட்டி நீட்டி எதிராளியைத் தேடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். குப்புராஜுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போட்டார். அதற்கடுத்த கூட்டத்துக்கும் போட்டார்.

வான்மதி வந்து பார்த்தபோது குருவி அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"காலையில இருந்து இது ஒரு புழுவாச்சும் தின்னுச்சுங்களாண்ணா?"

"கவனிக்கலீங்க டீச்சர்."

"அப்ப என்னத்தைக் கவனிச்சீங்க?"

குப்புராஜுக்குச் சுருக்கென்றது. "நான் என்ன கல்லெடுத்தா அடிச்சேன்? வெறும் சத்தந்தானுங்களே டீச்சர். சத்தத்துல என்னங்க கெட்டுப்போகும்?"

அவள் உள்ளே போனாள்.

குப்புராஜின் மகள் இளவேனியும் அன்று அவரோடு வந்திருந்தாள். ஏழு வயது. ஓவிய அறையில் உட்கார்ந்து மயில் வரைந்துகொண்டிருந்தாள்.

"அம்மணி, அப்பாவைக் கொஞ்சம் ஏமாத்தலாமா?" என்று கேட்டாள் வான்மதி.

இளவேனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீச்சரின் போனை வாங்கி வாயருகே வைத்து, "அப்பா! அப்பா! ஓடி வா!" என்று கத்திப் பதிவு செய்து கொடுத்தாள்.

மதியம் கூட்டம் கலைந்தது. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து குப்புராஜ் சோற்றுப் போசியைத் திறந்தார். வான்மதி எதிரே உட்கார்ந்தாள். குளத்தோரப் புதரிலிருந்து குரல் வந்தது.

"அப்பா! அப்பா! ஓடி வா!"

குப்புராஜ் எழுந்து ஓடினார். முள் கையைக் கிழித்தது. புதரைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாரும் இல்லை. கட்டடத்துக்கு ஓடி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். மகள் மயிலுக்குத் தோகை வரைந்துகொண்டிருந்தாள்.

"என்னமோ பிரமைங்க டீச்சர்," என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். மறுபடி அதே குரல். மறுபடி ஓடினார். இந்த முறை புதருக்கு அடியில் போனோடு இணைக்கிற மையத்தின் சின்ன ஸ்பீக்கர் கண்ணில் பட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெறும் கையோடு வந்தார்.

"விளையாட்டுங்களா டீச்சர் இது? பெத்தவனுக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு!"

"வெறும் சத்தந்தானுங்களேண்ணா."

குப்புராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். குனிந்து சோற்றைப் பிசைந்தார். பாடம் முடிந்தது என்று வான்மதி நினைத்தாள். போனை அணைத்துப் பையில் போட்டாள். அவள் நினைத்தபடி நடந்திருந்தால் இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும்.

சற்று நேரத்தில் குளத்துப் பக்கமிருந்து மறுபடி கேட்டது.

"அப்பா! அப்பா!"

குப்புராஜ் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அப்பா!"

"போதும், நிறுத்துங்க டீச்சர். எனக்குப் புரிஞ்சுது."

வான்மதி பையைப் பார்த்தாள். போன் உள்ளே அணைந்து கிடந்தது. எழுந்து குளத்தை நோக்கி ஓடினாள்.

அவள் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் குப்புராஜுக்கு உறைத்தது.

அப்பா ஏமாந்து ஓடுவதை ஒளிந்திருந்து பார்க்க வந்த இளவேனி, கரையில் வழுக்கிச் சேற்றில் இறங்கிவிட்டாள். மார்பு வரைக்கும் சேறு. இரண்டு கையாலும் கோரையைப் பிடித்திருந்தாள். கோரை வேரோடு பெயர்ந்துகொண்டிருந்தது. வான்மதி கரையில் குப்புறப் படுத்துத் துப்பட்டாவை வீசினாள். பின்னாலேயே வந்த குப்புராஜ் சேர்ந்து இழுத்தார். பிள்ளை கரைக்கு வந்து விழுந்தாள்.

அழுது முடித்து அவள் கேட்டது ஒன்றுதான்.

"அத்தனை தடவ கூப்புட்டனே, ஏம்ப்பா நீ வரல?"

குப்புராஜ் தன் கையைப் பார்த்தார். விரல்களில் இன்னும் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"என் தப்புங்ண்ணா," என்றாள் வான்மதி. "பாடம் சொல்றேன்னு புள்ளையப் பணயம் வெச்சுட்டேன்."

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்கு நடந்தார்.

பிள்ளையைக் குளிப்பாட்டி, போர்வையில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டார். கிளம்பலாம் என்றபோது மழை பிடித்துக்கொண்டது. அது விடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வான்மதி வராந்தாவில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அப்போது புதரின் அந்தக் கோடியிலிருந்து ஆறுமணிக் கூவல் எழுந்தது.

குப்புராஜின் கை தன்னை அறியாமல் சட்டைப்பையைத் தொட்டது. போன் அணைந்துதான் கிடந்தது.

இந்தப் பக்கம், வேலியடியில், காலையில் ஓடி ஓடிக் களைத்த குருவி நின்றது. கூவல் மறுபடி எழுந்தது. இன்னும் கிட்டத்தில். குருவி தலையைத் திருப்பவில்லை. புதிய குருவி புதருக்குள் இறங்கி, சருகைப் புரட்டி மேயத் தொடங்கியது.

"டீச்சர், அது நெசக் குருவிங்களே."

"ஆமாங்ண்ணா."

"இதோட இடம் போகுதுங்களே. அத்தனை தடவ கூப்பிடுது. இது ஏனுங்க அசையாம நிக்குது?"

வான்மதி குருவியைப் பார்க்கவில்லை. அவர் மடியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள்.

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லோணும்ங்ண்ணா."