வெற்றுச் சுவருக்கு ஒரு காவல்

முன்னொரு காலத்தில், பட்டப்பெயர் ஆசை பிடித்த ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

அவருடைய கோட்டை வாசலில் அகழிமேல் இருந்த மரப்பாலம் இற்றுப்போனது. புதுப்பாலம் வரும்வரை வண்டி ஏறக்கூடாது என்று பாலத்துக்கு எதிர்ச்சுவரில் எழுதச் சொன்னார். அதோடு விட்டாரா? தம்முடைய முப்பத்திரண்டு பட்டங்களும் கூடவே வரவேண்டும் என்றார். சபையில் இருந்தவர்களும் ஆளுக்கு நாலு பட்டத்தை நீட்டினார்கள். யார் எழுத்து பெரிது என்று அடிதடி. கடைசியில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, ஒரே காவி என்று முடிவானது. நடுநடுவே பூவும் கொடியும் வரைந்து சுவரை அடைத்தார்கள். மறுநாளே ஒரு வைக்கோல் வண்டி அகழிக்குள் கிடந்தது.

படைத்தலைவர் தளவாய் சேதுராயருக்கு அரண்மனை விகடன் முத்தாண்டியைக் கண்டால் ஆகாது.

"பிரபு, முத்தாண்டி மகா புத்திசாலி. அவனே எழுதட்டும். ஒரு பட்டமும் விடுபடக்கூடாது, ஓர் எழுத்தும் அளவு மாறக்கூடாது. அதன்பிறகும் ஒரு வண்டி ஏறினால் அவன் தலையை எடுத்துவிடலாம்" என்று சிரித்தபடி சொன்னார். ராஜாவும் தலையாட்டினார்.

சபையில் ஒருவன் சிரித்தபடி புகழ்ந்தால் முதலில் கழுத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். முத்தாண்டி தடவிப் பார்த்துக்கொண்டான்.

"வேறு நிபந்தனை உண்டா, தளவாய் அவர்களே?"

"இல்லை."

"பிரபு காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்லுங்கள்."

"இல்லையப்பா, இல்லை!"

முத்தாண்டி பழைய எழுத்தையும் பூவையும் கொடியையும் சுண்ணாம்படித்து அழித்தான். காவியில் நனைத்த நூலை இடது ஓரத்தில் மேலிருந்து கீழே இழுத்துப் பிடித்துச் சுண்டினான். சுவரில் விழுந்த நேர்கோட்டின் ஓரமாகவே எல்லாப் பட்டங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கி எழுதினான். பாதிச் சுவர் மிச்சமானது. அந்த வெள்ளைக்கு நட்டநடுவே, 'பாலத்தில் வண்டி ஏற்றாதே' என்று மட்டும் எழுதினான்.

தளவாய் கயிறு கொண்டுவந்து எழுத்தெழுத்தாக அளந்தார். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"இவ்வளவு இடம் ஏன் சும்மா கிடக்கிறது?"

"எழுத்துக்குத்தான் நிபந்தனை சொன்னீர்கள். வெறும் சுவருக்கு ஒன்றும் சொல்லவில்லையே!"

தளவாய் விட்டாரா? ஓர் உப்பு வண்டிக்காரனுக்கு, விரைந்து வரும்படி ரகசியமாக ஆள் அனுப்பியிருந்தார். ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி பாய்ந்து வந்தது. பாலத்துக்கு நாலடி முன்னால் வண்டிக்காரன் கயிற்றை இழுத்துப் பிடித்தான்.

"ஏன் நின்றாய்?" என்றார் ராஜா.

"ஏறாதேன்னு எழுதியிருக்கே சாமி!"

"எம் பட்டங்களைப் படித்தாயா?"

"அது எங்கங்க சாமி, பாக்குத்தோப்பு கணக்கா நெருக்கி நிக்குது! இது பொட்டலுல ஒத்தப்பனை. கண்ணு நேரா அங்கதான் போச்சு."

ராஜாவின் மீசை துடித்தது.

"பிரபு, இது அவமதிப்பு!" என்று தளவாய் குதித்தார். "அந்த வெற்றிடத்தில் உடனே பட்டங்களை எழுதவேண்டும். முதலில் என்னுடைய நான்கு!"

ராஜா அவரையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். அடக்கமுடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் கைக் கடகத்தைக் கழற்றி முத்தாண்டிக்குப் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும்?"

"அந்த வெள்ளைக்கு ஒரு காவல், பிரபு. இங்கே யாரையும் நம்பமுடியாது. இன்றைக்கே ஒருவர் கரித்துண்டோடு வருவார்."

"தளவாய், வேலும் கையுமாக நீரே நில்லும்!"

புதுப்பாலம் முடிய ஐந்து மாதம் ஆனது. முத்தாண்டி தினமும் வந்து, தளவாயின் மடியில் கரித்துண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.