பிழையில்லாத கரும்பலகை

“சாமி, இன்னிக்கு நீங்க எங்க வீட்டுக்கு வந்தே ஆகணும்!”

மடத்து வாசலில் நின்று கத்தினான் பொழிலன். அங்கே யாரும் அப்படிக் கத்துவதில்லை. சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னப்பா, வீட்ல விசேஷமா?”

“எம் பொண்ணுக்கு எழுத்துப்பிழை போயிடுச்சு சாமி! சுத்தமா போயிடுச்சு!”

பொழிலனுக்குத் தமிழ் என்றால் உயிர். மகள் வேணிக்கோ ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். மழையை மளை என்று எழுதுவாள், வாழையை வாலை என்று எழுதுவாள். முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ஞாபகம் வராது. ‘அப்பா குறட்டை விட்டார் பூனை பாலைக் குடித்தது அம்மா துரத்தினாள்’ என்று கூடத்துக் கரும்பலகை முழுக்க மூச்சு விடாமல் ஓடும். பொழிலன் சிவப்புச் சாக்பீஸோடு வந்து வட்டம் வட்டமாகப் போடுவான். அப்புறம் என்ன, தினமும் ரகளைதான். வேணி அழுவாள், அவன் மனைவி கோதைக்குத் தலைவலி வரும், சோறு ஆறிப்போகும்.

“கண்டிக்காம எழுத்து வருமா சாமி?” என்று போன மாதம் கேட்டான். சாமி அன்று அவன் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இப்போது பதில் தன் கையிலேயே கிடைத்துவிட்டது என்று அவனுக்கு ஒரே குஷி. சாமியைத் தூக்கிக்கொண்டு போகாத குறைதான்.

சாமியைக் கண்டதும் கோதை பாய் விரித்தாள்.

“வேணி, வீட்ல யார் யார் இருக்கோம்னு பேரோட எழுதிக் காட்டும்மா, சாமி பாக்கட்டும்!”

வேணி யோசித்து யோசித்து எழுதினாள்.

‘நான் வேணி. அம்மா கோதை. தம்பி பாரி. பூனை சோமு.’

“பாத்தீங்களா! புள்ளிகூட வச்சிருக்கா! ஒரு தப்பு இல்ல!” பொழிலன் கைதட்டினான்.

“ஆமா, ஒரு தப்பும் இல்ல” என்றார் சாமி. “வேணி, அப்பாவைக் காணோமே?”

வேணி சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“அப்பா பேரு கஷ்டம். தப்பு வரும். தப்பு வர்றதை நான் எழுத மாட்டேன்.”

பொழிலனின் கை அப்படியே நின்றது.

சாமி எழுந்துபோய் ஒரு சாக்பீஸை எடுத்தார். பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்.

‘அப்பா பொலிலன்.’

“ஐயய்யோ சாமி! அந்த ல இல்ல!” வேணி துள்ளிக் குதித்தாள். “உங்களுக்கும் தெரியாதா?”

“எனக்கு எங்க தெரியுது? நீதான் எழுதேன்.”

அவள் சாமி எழுதியதைப் பாவாடையாலேயே அழித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, சத்தம் போட்டு எழுத்துக்கூட்டி எழுதினாள்.

‘அப்பா பொளிலன் அப்பா குறட்டை விடுவார் சோமு பயந்து ஓடும்’

“இதான் சாமி!” என்று சிரித்தாள். கோதையும் சிரித்துவிட்டாள். கூடமே அதிர்ந்தது.

பொழிலனின் கை தன்னால் சிவப்புச் சாக்பீஸை எடுத்தது. பலகை வரை போனவன் சாமியைத் திரும்பிப் பார்த்தான்.

“தப்பா இருக்கே சாமி...”

“தப்புதான்ப்பா” என்றார் சாமி. “ஆனா இப்பத்தான் நீ வீட்டுக்குள்ள வந்திருக்க.”