சாக்கடை இணைப்பு

மூளையும் காசும் குறைவு. அதனால் கரண்டும் குழாயும் இல்லாத மண்வீடு ஒன்றை நானே திட்டம் போட்டுக் கட்டினேன். குடிக்க மழைத்தண்ணீர், விளக்குக்குச் சோலார். சுவர் மட்டும் என்னைப் போலக் கொஞ்சம் கோணல்.

பஞ்சாயத்துத் தலைவர் சங்கிலிமுத்து ஆட்களோடு வந்தார். முற்றத்தில் தொங்கிய வாழைத்தாரில் பழம் பிய்த்துத் தின்றுகொண்டே மிரட்டினார்.

"சாக்கடை இணைப்பைக் காட்டும். இல்லேன்னா நாளைக்கே வீட்டை இடிப்பேன். உம்ம கக்கூஸ் கழிவெல்லாம் எங்கவே போகுது?"

"மக்க வச்சு வாழைக்குப் போடுதேன், தலைவரே."

மென்ற வாய் நின்றது.

"அந்த வாழைப்பழம் இப்ப உங்க வாயில இருக்கு. அப்போ இந்த வீட்டுக்குச் சாக்கடை இணைப்பே நீங்கதானே?"

வந்த ஆட்களே சிரித்துவிட்டார்கள். தலைவர் துப்பிக்கொண்டே ஓடினார். இடிக்க யாரும் வரவில்லை.

என் பெண்டாட்டியும் அன்றிலிருந்து பழத்தைத் தொடுவதில்லை. தார் தாராக நானே தின்கிறேன்.