இறக்கி வைத்த நான்கு தந்திகள்

அந்தக் கதையைச் சூசைநாதன் எட்டு வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலேயே அதைச் சுமந்துகொண்டிருந்தார். சொன்னவர் அவருடைய குரு ஆக்னஸ். அவரைவிட இருபது வயது இளையவர்.

புதுச்சேரியில், நில அளவைத் துறையில் வரைபடம் போடுகிறவர் சூசைநாதன். நாற்பத்தெட்டாவது வயதில் லூட் கற்றுக்கொள்ளப் போனார். பாதிப் பூசணிக்காய் போல வயிறு வைத்த, ஐரோப்பாவின் பழைய தந்தி வாத்தியம் அது. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை. வியாழன்தோறும் மாலையில் வகுப்பு.

ஒரு வியாழக்கிழமை ஆக்னஸ் ஒரு தாளைக் கொடுத்தார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய சிறிய இசைத் துண்டு. வாசித்தால் இரண்டு நிமிடம்கூட வராது. எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்பது மட்டும் எழுதியிருந்தது.

"வேகம் போடலையே டீச்சர்."

"அந்தக் காலத்துல போட மாட்டாங்க சார்."

"சோகமா சந்தோஷமான்னாவது?"

"அதுவும் இல்ல."

"நாங்க ஒரு குட்டைக்குப் படம் போட்டாக்கூட ஓரத்துல அளவு எழுதுவோம்."

"எழுதாட்டி குட்டை வத்திடுமா?"

ஒன்று மட்டும் தெரிந்தது. மேற்கத்திய இசையில் பெரும்பாலும் சோகத்துக்குப் பயன்படும் எஃப் மைனர் சுர வரிசையில் அது அமைந்தது. லூட்டின் பருத்த தந்திகளில் விரல் வைத்துச் சுரம் மாற்ற முடியாது. வாசிக்கப் போகும் துண்டுக்கு ஏற்ப முன்கூட்டியே சுருதி சேர்த்து வைக்க வேண்டும். இதற்கு நான்கு ஜோடித் தந்திகளை அரைச் சுரம் இறக்க வேண்டியிருந்தது. இறக்கியதும் அறையே மங்கியது போலிருந்தது. இது இழவு வீட்டு இசை என்று சூசைநாதன் முடிவு செய்துகொண்டார்.

அப்போது அவருக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. மனைவி ரெஜினாவின் மார்பில் ஒரு கட்டி. பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. மூன்று வாரமும் கதவைச் சாத்திக்கொண்டு, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களின் வேகத்தில் அதையே வாசித்தார். கல்லறைத் தோட்டத்துக்கு லூட்டை எதில் வைத்து எடுத்துப்போவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

ஒரு புதன்கிழமை முடிவு வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி.

மறுநாள் வகுப்பில் லூட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நல்ல சேதிதானே சார்? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை வீட்ல விருந்து. கதவுக்குப் பின்னால வாசிச்சதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டச் சொல்றா."

"வாசிங்க."

"அது அவ அடக்கத்துக்குன்னு பழகினது டீச்சர்."

ஆக்னஸ் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"அவ அடுப்படியில மீன் கழுவிக்கிட்டிருந்தா. நான் அடுத்த ரூம்ல அவளைப் புதைச்சுக்கிட்டிருந்தேன். வேற ஏதாவது கொடுங்க. இல்லாட்டி இதையே சந்தோஷமா மேஜர்ல மாத்தி எழுதிக் கொடுங்க. இந்த நாலையும் ஏத்திடறேன்."

முறுக்காணிமேல் கை வைத்தார்.

"ஏத்தாதீங்க" என்றார் ஆக்னஸ். பிறகு அந்தக் கதையைச் சொன்னார்.

"இதை எழுதினவர் வீட்ல ஒரே ஒரு அறை. மகளுக்கு ஒன்பது நாளாக் காய்ச்சல். வைத்தியர் கையை விரிச்சுட்டார். அவருக்குத் தெரிஞ்சது லூட் ஒண்ணுதான். பொண்ணுக்கு ஒரு இரங்கல் இசை எழுதலாம்னு நாலு தந்தியையும் இறக்கி வச்சார். முதல் வரி எழுதறதுக்குள்ள அவளுக்குக் குப்புனு வேர்த்துச்சு. கஞ்சி கேட்டா. குடிச்சுட்டுத் தூங்கிட்டா, பட்டப்பகல்ல."

"அப்புறம்?"

"அவருக்குக் கை நிக்கல. சந்தோஷமா ஏதாவது வாசிக்கணும். ஆனா தந்தியைத் திரும்ப ஏத்தணும்னா அரை மணி நேரம் ஆணியைத் திருகித் திருகித் தட்டிப் பாக்கணும். பொண்ணு முழிச்சுக்குவா."

"அதனால?"

"இறக்கி வச்ச தந்தியிலயே வாசிச்சார்."

சூசைநாதன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேகத்துல?"

"அவ தூக்கத்துல மூச்சு விட்ட வேகத்துல."

ஞாயிறன்று சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சமைத்த களைப்பில் ரெஜினா பிரம்பு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய சேலைத் தலைப்பு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் வாசிக்கத் தொடங்கினார்.

முடிந்ததும் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மூணு வாரமா வாசிச்சது இது இல்லையே."

"இதேதான்."

"அது வேற மாதிரி இருந்துச்சுங்க."

"ஒரு தந்திகூட மாத்தலை."

"அப்போ இத்தனை நாளும் தப்பா வாசிச்சிருக்கீங்க."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூன்று வாரம் கழித்து அன்றுதான் அவருக்குச் சோறு செரித்தது.

சந்தேகம் அதற்குப் பிறகுதான் வந்தது. தாளில் பெயர் இல்லை, தேதி இல்லை. பெயரே தெரியாத மனிதனுக்கு மகள் இருந்தது மட்டும் எப்படித் தெரியும்? வெளிநாட்டு நூலகங்கள் இரண்டுக்கு எழுதிப் பார்த்தார். அப்படி ஒரு குறிப்பும் இல்லை என்று பதில் வந்தது. கதை தனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியதுதான் அவரை அதிகம் உறுத்தியது. அது கட்டுக்கதை என்றால், ரெஜினா முன்னால் தான் வாசித்தது என்ன? கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வியாழனும் படியேறுவார். சுருதி சேர்த்து, வாசித்து, கேட்காமலே இறங்கி வருவார்.

இந்த வருடமும் ரெஜினாவின் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. அடுத்த வியாழன், லூட்டை மடியில் வைத்ததும் சொன்னார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"எட்டு வருஷமா வாயைத் திறந்து திறந்து மூடுறீங்க. கேளுங்க சார்."

நிஜமா பொய்யா என்ற கேள்வி தயாராகத்தான் இருந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்தப் பொண்ணு, அதுக்கப்புறம் நல்லா இருந்தாளா டீச்சர்?"