நாவல் மரத்தடியில் ஒரு வளை

சரிவுகள் நிறைந்த ஒரு மலைக்காட்டில், வீடு கட்டித் தரும் விலங்குகளும் பறவைகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. தூக்கணாங்குருவி அதற்குத் தலைமை வகித்தது.

"காய்ந்த புல்லையும் விழுந்த சுள்ளியையும் மட்டுமே எடுப்போம். உயிருள்ள வேரை வெட்ட மாட்டோம்." இதுதான் சங்கத்தின் உறுதிமொழி. சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை வேர்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதை நம்பித்தான் ஒரு தாய் முயல் தன் நான்கு குட்டிகளுடன் சங்கத்திடம் வந்தது. சங்கத்திலிருந்த அவசரக்கார முள்ளம்பன்றி ஒரே நாளில் நாவல் மரத்தடியில் அதற்கு ஒரு வளை தோண்டிக் கொடுத்தது.

அன்றே மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு கரையான், அந்த மரத்தின் தடித்த வேர்கள் அறுபட்டிருப்பதைப் பார்த்தது. உடனே குருவியிடம் ஓடியது.

"தலைவரே, முள்ளம்பன்றி வேரை வெட்டிவிட்டார். மழை வந்தால் சரிவு நிற்காது."

குருவி அக்கம்பக்கம் பார்த்தது. "மெல்லப் பேசு. வெளியே தெரிந்தால் சங்கத்தின் பெயர் என்னாகும்? அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்."

கரையான் பயந்த சுபாவம் கொண்டது. வாயை மூடிக்கொண்டது.

பத்தாம் நாள் மழை தொடங்கியது. மூன்று நாட்கள் விடவில்லை. வளைக்குள் முயலின் முதுகில் பொலபொலவென்று மண் உதிர்ந்தது. மண்ணுக்குள் எங்கோ ஏதோ முறியும் சத்தம் கேட்டது. குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன.

முயல் நனைந்துகொண்டே போய் முள்ளம்பன்றியிடம் கேட்டது. "அண்ணா, சுவர் அசைகிற மாதிரி இருக்கிறது."

"சங்கத்து வேலை அது. பயப்படாமல் போய்ப் படு," என்றது முள்ளம்பன்றி.

முயல் திரும்பி வந்தது. ஆனால் படுக்க முடியவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போது சுவரில் ஒரு சிறு துளை விழுந்தது. அதிலிருந்து சேறு அப்பிய கரையான் வெளியே வந்தது.

"குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடு. இந்த மரத்துக்கு வேர் இல்லை," என்றது அது.

முயல் துள்ளி எழுந்தது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு எதிர்ப்பாறைக்கு ஓடியது. இரண்டாவது குட்டி. மூன்றாவது குட்டி. நான்காவதற்காக வந்தபோது வாசல் பாதி மூடியிருந்தது. உள்ளே குட்டி கத்தியது. முயல் தலையை நுழைத்து, மண்ணில் சிக்கிய குட்டியின் பிடரியைக் கவ்வி இழுத்தது. முயலின் காதில் கரையான் தொற்றிக்கொண்டது.

அவை பாறையில் ஏறியதும் சரிவு முழுவதும் நகர்ந்தது. நாவல் மரம் நின்ற நிலையிலேயே கீழே போனது. வளை இருந்த இடம் தெரியவில்லை.

சத்தம் கேட்டுக் குருவி பறந்து வந்தது. "நல்ல வேளை, எல்லோரும் பிழைத்தீர்கள்."

முயல் கேட்டது: "வேர் அறுந்தது உங்களுக்கு எப்போது தெரியும்?"

குருவி சிறகைக் கோதத் தொடங்கியது.

"தலைவருக்கு வளை தோண்டிய அன்றே தெரியும். எனக்கும்தான்," என்றது கரையான், தலையைக் குனிந்தபடி.

சத்தம் கேட்டு வந்து சுற்றி நின்ற கீரியும் உடும்பும் எலிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாகத் தங்கள் வீடுகளை நோக்கி ஓடின. பொழுது சாய்வதற்குள் சங்கம் கட்டிய வீடு ஒவ்வொன்றும் காலியானது. உறுதியான வீடுகளில் இருந்தவையும்கூட, எதை நம்புவது என்று தெரியாமல், குட்டிகளை அணைத்துக்கொண்டு மழையில் நின்றன.

நீதி: நல்ல பெயரைக் காக்க ஆபத்தை மறைப்பவர், உயிரையும் காப்பதில்லை, பெயரையும் காப்பதில்லை.