மூன்று மூன்று மணியாக

"ஒரே வயித்துல பொறந்தோம் டீச்சர். உள்ள இருக்க எழுத்தும் ஒண்ணுதான? பின்ன அவன் மட்டும் எப்பிடி அப்பிடிப் போனான்?"

ஆவுடையப்பன் இதைக் கேட்டபோது பிளஸ் டூ பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். உயிரியல் ஆய்வகத்தில் அவரும் ஜெபராணி டீச்சரும்தான்.

அவர் அந்தப் பள்ளியின் ஆய்வக உதவியாளர். வயது ஐம்பத்து நாலு. டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் இங்கே சிஷ்யன் இவர்தான். பன்னிரண்டு வருஷமாகச் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டே எல்லாப் பாடத்தையும் காதில் வாங்கிவிட்டார். மணி அடித்ததும் பிள்ளைகள் தலைதெறிக்க ஓடும். இவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சந்தேகம் கேட்க வந்து நிற்பார்.

இன்றைக்கு வந்தது புத்தகத்தில் உள்ள சந்தேகம் இல்லை.

தம்பி வெற்றிவேலுக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கலாம் என்கிறார்கள். கூடப் பிறந்தவருடையது பொருந்துமா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவர் என்று அவனுக்கு இருப்பது ஆவுடையப்பன் ஒருவர்தான். "நாளைக்குள்ள வந்துருங்க பெரியப்பா" என்று தம்பி மகள் கோமதி காலையில் போனில் அழுதிருந்தாள்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

டீச்சர் சொன்னார்: "மரபணு எழுத்து எல்லாம் ஒண்ணு இல்ல அண்ணாச்சி. அம்மாகிட்ட பாதி, அப்பாகிட்ட பாதி. யாருக்கு எந்தப் பாதி வரும்னு சொல்ல முடியாது. உங்களுது அவருக்குப் பொருந்த நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு."

"அப்ப மூணு பங்கு பொருந்தாது." அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு நிம்மதி. "பொறவு நான் எதுக்கு மெனக்கெட்டுப் போகணும்?"

"அப்பிடி என்ன செஞ்சாரு?"

"அம்மா செத்த பதினாறாம் நாள். ஊரே கூடியிருக்கு. அண்ணன்னும் பாக்காம கைநீட்டி அடிச்சிட்டான். அம்புட்டுத்தான். முடிஞ்சு போச்சு."

டீச்சர் எழுந்துபோய் பீரோவிலிருந்து, பாடம் நடத்தக் கோத்து வைத்திருந்த மணிமாலையை எடுத்து வந்தார்.

அதைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு மனசு கொஞ்சம் இளகியது. டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரதவீதிக் கடைகளில் அலைந்து இவரே வாங்கி வந்த மணிகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். ஆர்.என்.ஏ.வின் நாலு எழுத்து.

பாடம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். டி.என்.ஏ. என்பது முறுக்கிவிட்ட ஏணி மாதிரி இரண்டு இழை. செல்லுக்கு நடுவில் அதற்கென்று ஓர் அறை. அந்த வாசற்படி தாண்டாது. தேவைப்பட்ட பக்கத்தை மட்டும் ஒற்றை இழையாகப் படியெடுத்து வெளியே அனுப்பும். அதுதான் ஆர்.என்.ஏ. வெளியே அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிப்பார்கள். ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம் வந்து சேரும். கோத்துக்கொண்டே போனால் புரதம். 'நிறுத்து' என்று சொல்லும் மூன்றெழுத்து வந்தால் அதோடு சரி.

"படிங்க அண்ணாச்சி."

"இப்பமா?"

"இப்பந்தான்."

மாலையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்துப் படித்தார்.

"பச்சை, மஞ்சள், மஞ்சள். டிரிப்டோபன்."

"அடுத்து?"

"பச்சை, சிவப்பு, சிவப்பு." அட்டவணையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நிறுத்து."

இன்னும் ஒரு முழம் மாலை கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"இது தப்பு டீச்சர். இம்புட்டு நீளம் கெடக்கு, ரெண்டாவதுலயே முடிஞ்சா எப்பிடி? பிள்ளைக மாத்திக் கோத்துட்டுப் போயிருக்கு."

"மணியெல்லாம் சரியாத்தான் இருக்கு. கட்டைவிரல எடுங்க."

எடுத்தார். அடியில் ஒரு சிவப்பு மணி இருந்தது.

வருஷா வருஷம் பிள்ளைகள் செய்கிற தப்புதான். நுனியைப் பிடித்த விரலுக்குள் முதல் மணி ஒளிந்துகொள்ளும். அதற்காக எத்தனை பிள்ளைகளை இவரே கேலி செய்திருக்கிறார்! இன்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மறுபடி படித்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள். மெத்தியோனின், புரதம் தொடங்குகிற இடம். மஞ்சள், பச்சை, சிவப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம். இடையில் எங்கும் நிற்காமல் மாலை கடைசி வரை போனது.

"தம்பி கதையச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"அதான் சொன்னனே."

"அதுக்கு முன்னால?"

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மாலையை மேஜைமேல் வைத்தார்.

"அதுக்கு முன்னால நான் ஒரு வார்த்தை சொன்னேன்."

"என்ன வார்த்தை?"

அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"'நீ நேரத்துக்கு வந்திருந்தா அம்மா பொழச்சிருப்பா. நீதாம்ல கொன்ன'ன்னு சொன்னேன். ஊர் முன்னால."

"அதுக்கு முன்னால?"

"அம்மா கண்ண மூடுத வரைக்கும் அவன் பேரையே சொல்லிக்கிட்டுக் கெடந்தா. பீ, மூத்திரம் அள்ளுனது நான். ஒரு தரம்கூட என் பேரச் சொல்லல."

"அதுக்கு முன்னால?"

"என்னத்தச் சொல்ல டீச்சர். ஆத்துல அவனுக்கு நீச்சல் படிச்சுக் குடுத்தேன். முதுகுல தொத்திக்கிட்டு, 'அண்ணே விட்ராத, அண்ணே விட்ராத'ன்னு கத்துவான். காதே கிழிஞ்சிரும்."

சிரித்தார். அதற்கப்புறம் டீச்சர் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரே துணியில் தைத்த தீபாவளிச் சட்டைகள் வந்தன. மதியச் சோற்றுக்கு மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஓடிவந்து அண்ணன் தட்டில் கைவைக்கிற சின்னப் பயல் வந்தான். காய்ச்சலில் கிடந்தபோது அண்ணனோடுதான் படுப்பேன் என்று அடம்பிடித்தவன் வந்தான். பத்தொன்பது வருஷம் தம்பி இல்லாமல் எப்படி இருந்தோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனை ஆசை உள்ளே கிடந்திருக்கிறது.

"அதுக்கும் முன்னால ஒண்ணு இருக்கு டீச்சர். எனக்கு ஆறு வயசு. அப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன். அம்மா என்னைக் கூப்ட்டு, 'தம்பிக்கு என்னல பேரு வைக்க?'ன்னு கேட்டா. தெருவுல ஒரு லாரி நின்னுச்சு. அது நெத்தியில எழுதியிருந்தத ஒவ்வொரு எழுத்தா வாசிச்சேன். வெற்றிவேல்னு. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கல. அந்தப் பேரையே வச்சிட்டா."

சொல்லிவிட்டு மேஜைமேல் கிடந்த மாலையைக் கையில் எடுத்தார்.

"கடைசியா அவ சொல்லிக்கிட்டுக் கெடந்ததும் நான் வாசிச்ச அந்தப் பேர..."

முடிக்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு ஆவுடையப்பன் போனை எடுத்தார்.

"கோமதி, பெரியப்பா பேசுதேன். பொருந்துதோ இல்லையோ, நான் வாரேன் தாயி. போன உங்கப்பன்கிட்ட குடு."